தரையில் உரசிய இறக்கையோடு உலகைச் சுற்றிய விமானம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்து இரவில் ஆறுதலாக வாசியுங்கள்.

கட்டாருக்கோ சவூதிக்கோ போய் வந்தவர்கள் நம்ம ஊரில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். இறக்கைக்குப் பக்கத்து ஜன்னலில் இருந்து வந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். மேகத்துக்குள் புகுந்ததும் இறக்கையின் நுனி மேலும் கீழும் ஆடியதையும், தான் கலிமா சொல்லிக்கொண்டு கண்ணை மூடியதையும் சொல்வார். வகுப்பில் பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள்: "சேர், அப்படி ஆடினா உடைஞ்சு விழாதா?"

"விழாது, அது ஆடுவதற்காகவே செய்யப்பட்டது" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நல்லதொரு வரலாறு இருக்கிறது. அதில் பெரிய பங்கு பெரிய கம்பனிகளுடையதும் அல்ல. ஜெர்மனியின் பல்கலைக்கழக மாணவர்கள் சிலரும், கலிபோர்னியாப் பாலைவனத்துக் கொட்டகை ஒன்றில் சொந்தமாக விமானம் செய்த ஒரு குடும்பமும் செய்த வேலை அது. அவர்கள் கையில் இருந்த பொருளும் நமக்குப் புதிதில்லை. கடற்கரையில் நிற்கிற பைபர் போட் எதனால் செய்யப்பட்டதோ அதே கண்ணாடி நார், அதே மாதிரியான ரெசின்.

முதலில் ஒரு விளக்கம். வலிமை வேறு, விறைப்பு வேறு. நாம் பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறோம். எவ்வளவு சுமையில் உடையும் என்பது வலிமை. எவ்வளவு சுமைக்கு எவ்வளவு வளையும் என்பது விறைப்பு. சோக்குக் கட்டி விறைப்பானது. வளையவே வளையாது, பட்டென்று உடைந்து போகும். தூண்டில் கம்பு விறைப்பில்லாதது. வில்லாக வளையும், ஆனால் பெரிய மீனையும் தூக்கும். கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்த பொருள் இந்தத் தூண்டில் கம்பின் சாதி. நார்த்துணியை அடுக்கிச் செய்த தகட்டின் விறைப்பு, அலுமினியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அலுமினியத்தை ஓர் அளவுக்கு மேல் வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். நார்த்தகடு விட்டவுடன் பழைய இடத்துக்கு வந்துவிடும், அல்லது உடையும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. இந்தக் குணத்தில் நன்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. ஆபத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பொருளில் முழு விமானத்தையும் முதலில் செய்தவர்கள் ஷ்டுட்கார்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பறத்தல் குழுவினர். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் மாணவர்களே எஞ்சின் இல்லாத மிதவை விமானங்களை வரைந்து, செய்து, பறக்கிற ஒரு பழக்கம் இன்றும் உண்டு. 1957 நவம்பர் 27ஆம் திகதி அவர்களுடைய பீனிக்ஸ் பறந்தது. உள்ளே பால்சா மரம், வெளியே கண்ணாடி நார், இறக்கையின் அகலம் 16 மீற்றர். பலகையும் துணியும் கொண்டு செய்ய முடியாத அளவுக்கு வழுவழுப்பான மேற்பரப்பு கிடைத்தது. காற்று வழுக்கிக்கொண்டு போனது.

வெற்றி கண்டதும் இறக்கையை நீட்டத் தொடங்கினார்கள். மிதவை விமானத்துக்கு நீண்டு ஒடுங்கிய இறக்கைதான் நல்லது. ஆனால் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. உயர்தரத்தில் படிக்கும் பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முனையில் பிடித்து வைத்த சட்டத்தின் தடிப்பையும் மீற்றருக்கான சுமையையும் மாற்றாமல் நீளத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால், நுனி இறங்குவது இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ அல்ல. 16 மடங்கு. பிரவுன்ஷ்வைக் மாணவர்கள் 1969இல் எஸ்பி-9 என்ற விமானத்துக்குக் கண்ணாடி நாரால் 22 மீற்றர் இறக்கை போட்டபோது இந்தக் கணக்கு அவர்களைப் பிடித்துக்கொண்டது. குறிப்பிட்ட வேகத்தில் இறக்கை வளைவதும் முறுகுவதும் ஒன்றையொன்று தூண்டி, கொடியில் காயும் சாரம் காற்றில் அடிப்பதுபோல இறக்கை படபடக்கத் தொடங்கியது. அந்தப் படபடப்பை அவர்கள் படம் எடுத்தும் வைத்தார்கள். பார்க்கிறவர்களுக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

1972இல் அவர்களே எஸ்பி-10ஐச் செய்தார்கள். அகலம் 29 மீற்றர். இந்த முறை இறக்கையில் காபன் நார் சேர்த்தார்கள். மிதவை விமானமொன்றில் காபன் நார் புகுந்தது அப்போதுதான். நார் ஓடும் திசையில் பார்த்தால் காபன் தகடு அலுமினியத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பு. நிறையோ அதில் பாதிக்குச் சற்று மேலே. விலைதான் கண்ணைக் கட்டும்.

இனிக் கதை அமெரிக்காவுக்குப் போகிறது.

பர்ட் ரூட்டான் ஒரு விமானப் பொறியியலாளர். அமெரிக்க விமானப்படையின் எட்வர்ட்ஸ் தளத்தில் பரீட்சார்த்தப் பறப்புகளில் வேலை செய்து அனுபவம் பெற்றவர். பிறகு மொஹாவே என்ற பாலைவன ஊரில், வீட்டிலேயே விமானம் செய்ய விரும்புகிறவர்களுக்கு வரைபடம் விற்கும் தொழிலைத் தொடங்கினார். அவருடைய வேரிஈஸி 1975இல் பறந்தது. பெயரே "மிக இலகு" என்று காதில் விழும்படி வைத்தது.

அவர் செய்த புதுமை அச்சை ஒழித்ததுதான். பைபர் போட் செய்ய அச்சு வேண்டும். அச்சு செய்யத்தான் பணம். ஒரே ஒரு விமானம் செய்கிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. ரூட்டான் என்ன செய்தார் என்றால், நாம் பாடசாலை மேடை அலங்காரத்துக்குச் சூடான கம்பியால் வெட்டுகிறோமே ரெஜிபோம், அந்த மாதிரியான நுரைக் கட்டியை இறக்கையின் வடிவத்துக்கு வெட்டி, அதன் மேலேயே கண்ணாடி நார்த்துணியை விரித்து, எபொக்சி ரெசினைப் பூசி இறுகவிட்டார். அச்சு உள்ளேயே தங்கிவிட்டது. மேல் தோலையும் கீழ்த் தோலையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கிப் பிடித்திருப்பதுதான் நுரையின் வேலை. இறக்கை மேலே வளையும்போது மேல் தோல் நெருக்கப்படுகிறது, கீழ்த் தோல் இழுபடுகிறது. இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு விறைப்பு. அடிமட்டத்தைப் படுக்க வைத்து வளைத்துப் பாருங்கள், பிறகு நிமிர்த்தி வைத்து வளைத்துப் பாருங்கள். விளங்கும்.

ஆயிரக்கணக்கானோர் அந்த வரைபடங்களை வாங்கினார்கள். வீட்டுக் கராஜில் விமானம் முளைத்தது. வேரிஈஸியின் இறக்கை சிறியது, நீளத்துக்குத் தடிப்பானது, ஆகவே வளைவு பெரிய பிரச்சினையாகவில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. ரெசின் கூடினால் பாரம், குறைந்தால் நார் காய்ந்து கிடக்கும், நடுவில் காற்றுக் குமிழ் நின்றால் தோலும் நுரையும் பிரியும். முன்பு சொன்ன ஆபத்து இதுதான். அலுமினியம் நோய் வந்தால் நெளிந்து காட்டும். நார்த்தகடு முகத்தில் ஒன்றும் காட்டாது. அதனால் வீட்டில் செய்தவர்கள் ஒரு நாணயத்தை எடுத்து இறக்கை முழுவதும் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல இடத்தில் ஓசை "டிக்" என்று கூர்மையாக வரும். பிரிந்த இடத்தில் அமுங்கிப் போகும். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நம்ம உம்மாமாருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இன்னொன்று, அந்த விமானங்கள் அநேகமாக எல்லாமே வெள்ளை நிறம். அழகுக்காக அல்ல. வெயிலில் கறுப்பு நிறம் கடுமையாகச் சூடேறும். சூட்டில் எபொக்சி இளகும். இளகிய நேரத்தில் சுமையும் இருந்தால் வளைவு அப்படியே நிரந்தரமாகிவிடும்.

இப்போது வொயேஜர்.

1981இல் பர்ட், அவருடைய அண்ணன் டிக் ரூட்டான், ஜீனா யேகர் மூவரும் சாப்பாட்டுக் கடையொன்றில் இருந்தபோது பர்ட் கை துடைக்கும் கடதாசியில் ஒரு விமானத்தைக் கீறினார். எங்கும் இறங்காமல், நடுவானில் எரிபொருள் நிரப்பாமல், உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும் விமானம். டிக் வியட்நாம் போரில் பறந்த போர் விமானி. ஜீனா வரைபட வேலை தெரிந்தவர், விமானி. (ஒலியின் வேகத்தைக் கடந்த சக் யேகருக்கு அவர் உறவு இல்லை. எல்லாரும் கேட்பதால் சொல்லி வைக்கிறேன்.) அப்போதிருந்த சாதனை அமெரிக்க விமானப்படையின் பி-52 குண்டுவீச்சு விமானத்துடையது. 1962இல் யப்பானின் ஒக்கினாவாவிலிருந்து ஸ்பெயின் வரை 12,532 மைல். எட்டு ஜெட் எஞ்சின் பூட்டிய அந்த ராட்சதன் போன தூரத்தைப் போல இரண்டு மடங்கை, கொட்டகையில் செய்த விமானம் போக வேண்டும். அரசாங்கப் பணம் ஒரு சதமும் இல்லை. நன்கொடையும் தொண்டர்களின் கைவேலையும்தான்.

கணக்கு கொடூரமானது. அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் ஏற்றினால் விமானமே அதை ஏற்றிச் செல்லும் தாங்கிதான். ஒவ்வோர் இறாத்தலும் எதிரி. ஆகவே காபன் நாரையும், தேன்கூடு போன்ற கடதாசி அறைகளையும் கொண்டு கட்டினார்கள். இறக்கையின் அகலம் 110.8 அடி, அதாவது 33 மீற்றருக்கும் மேல். கட்டுநாயக்காவில் வந்து இறங்குகிற எயார்பஸ் ஏ320க்கும் ஏறக்குறைய அதே அகலம்தான். ஆனால் எஞ்சின்கள் இல்லாமல் வொயேஜரின் வெறும் உடம்பு 939 இறாத்தல். நம்ம கணக்கில் சுமார் 426 கிலோ. கொழுத்த மாடு ஒன்றின் நிறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 17 தாங்கிகளில் 7,011 இறாத்தல் எரிபொருள். புறப்படும்போது மொத்த நிறை 9,694 இறாத்தல். நூற்றுக்கு 72 பங்கு எரிபொருள்.

அந்தச் சுமையை நடுவில் குவிக்காமல் அகலம் முழுவதும் பரப்பி வைத்தார் பர்ட். நடுவில் இருவர் இருக்கும் சிறிய உடல், இரு பக்கமும் எரிபொருள் நிறைந்த இரண்டு நீண்ட குழாய்கள், இறக்கைக்குள்ளும் எரிபொருள். ஒரு நீளப் பலகையின் நடுவில் பத்துப் பேர் நிற்பதற்கும், பலகை நெடுக இடைவெளி விட்டு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். வானத்தில் காற்று இறக்கை முழுவதையும் தூக்குகிறது. தூக்கும் இடத்திலேயே சுமையும் இருந்தால் வளைவு குறையும்.

இவ்வளவு செய்தும் அந்த இறக்கையை விறைப்பாக்க அவரால் முடியவில்லை. முடியவில்லை என்பதைவிட, விரும்பவில்லை என்பதே சரி. விறைப்புக்கு இன்னும் நார் போட வேண்டும், நார் போட்டால் நிறை, நிறை கூடினால் உலகத்தைச் சுற்ற முடியாது. உடையாத அளவுக்கு மட்டும் வலிமை வைத்து, வளைகிறதை வளைய விட்டார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த முடிவு இதுதான். பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் தடிப்பாக்குவது பொறியியல் தெரியாதவர்களும் செய்யக்கூடியது. எங்கே மெலிதாக விடலாம் என்று தெரிவதற்குத்தான் படிப்பு வேண்டும்.

ஆனால் அதற்கு விலை இருந்தது. 1984 ஜூன் 22இல் முதன்முதலாகப் பறந்த பிறகு, படிப்படியாக எரிபொருளைக் கூட்டிப் பரிசோதித்தார்கள். பாரம் கூடியபோது ஒரு கெட்ட குணம் வெளிப்பட்டது. காற்றில் சிறு குலுக்கல் பட்டாலும் இறக்கைகள் பறவையைப் போல மெதுவாக அடிக்கத் தொடங்கும். நடு உடல் அதற்கு எதிராக மேலும் கீழும் போகும். விமானி உரிய நேரத்தில் அடக்காவிட்டால் ஒவ்வோர் அடியும் முந்தியதைவிடப் பெரிதாகும். விமானி பிந்தித் திருத்தினால் இன்னும் மோசம், ஊஞ்சலைத் தப்பான நேரத்தில் தள்ளுகிற மாதிரி. பாரமான நேரத்தில் அதை அடக்கி வைக்கத் தானியங்கிக் கருவியின் உதவி தேவைப்பட்டது. போர் விமானங்களில் பறந்து பழகிய டிக்கே இந்த விமானத்துக்குப் பயந்தார் என்பது இரகசியமல்ல.

1986 டிசம்பர் 14, காலை 8 மணி 1 நிமிடம். எட்வர்ட்ஸ் தளத்தின் ஓடுபாதை 15,000 அடி நீளம். நாலரைக் கிலோமீற்றர். அந்த நிறையில் வொயேஜர் அதற்கு முன் ஒரு நாளும் எழும்பியதில்லை. நிரப்பிய எரிபொருளால் இறக்கை நுனிகள் நிற்கும்போதே தாழ்ந்து தொங்கின. பி-52க்கும் இதே பிரச்சினை இருந்தது. எரிபொருள் நிரப்பினால் அதன் இறக்கையும் தொங்கும். அதனால் நுனிப் பக்கம் சிறு சக்கரங்கள் பூட்டியிருந்தார்கள். வொயேஜரில் அந்த ஆடம்பரத்துக்கு இடமில்லை.

ஓடத் தொடங்கியதும் நிலைமை மோசமானது. மூக்கு தாழ்ந்திருந்ததால் ஓடும் காற்று இறக்கையின் வெளிப்பகுதியைத் தூக்காமல் கீழே அழுத்தியது. வேகம் கூடக் கூட நுனிகள் தரையில் உரசின. டிக் முன்னால் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஜீனா வேகத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் நுனி உரசுவது தெரியாது. வெளியே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 14,200 அடி ஓடி, பாதை முடிய 800 அடி இருக்கும்போது விமானம் எழும்பியது. எழும்பிய நேரம் அந்த இரண்டு இறக்கைகளும் தொங்கிய நிலையிலிருந்து மேல்நோக்கி வில்லாக வளைந்தன. அந்தக் காட்சியின் படம் இணையத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

நுனிகளில் தோலும் நுரையும் தேய்ந்து போயிருந்தன. நுனியில் நிமிர்ந்து நிற்கும் சிறு இறக்கைகள் இரண்டும் பிய்ந்து தொங்கின. பர்ட் வேறொரு சிறிய விமானத்தில் கூடவே பறந்து பார்த்தார். கேள்வி ஒன்றுதான்: திரும்பி இறங்குவதா, போவதா? அவ்வளவு பாரத்தோடு இறங்குவதும் இலேசான காரியமல்ல. தொங்குகிற துண்டுகள் பிய்யும்போது இறக்கைத் தோலையும் உரித்துக்கொண்டு போனால் தாங்கியே திறந்துவிடும். டிக் விமானத்தை வேண்டுமென்றே பக்கவாட்டில் சறுக்கவிட்டார். காற்றின் அழுத்தத்தில் ஒரு பக்கத்துத் துண்டு கழன்று விழுந்தது, பிறகு மற்றப் பக்கத்தது. எரிபொருள் ஒழுகவில்லை. பர்ட் மனக்கணக்குப் போட்டார். இழப்பு தாங்கக்கூடியது. போனார்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பசுபிக்கைக் கடந்து, மார்ஜ் என்ற சூறாவளியின் ஓரத்தில் காற்றை வாங்கிக்கொண்டு, நம்ம இந்து சமுத்திரத்துக்கு மேலால் ஆபிரிக்காவுக்கு. அங்கிருந்து அத்லாந்திக். அங்கே இடிமேகம் ஒன்று விமானத்தை 90 பாகை சாய்த்துப் போட்டது. நல்லவேளை, அதற்குள் பெரும்பகுதி எரிபொருள் எரிந்து இறக்கை இலேசாகியிருந்தது. முதல் நாளில் நடந்திருந்தால் கதை வேறு. கலிபோர்னியாவுக்குக் கிட்ட வந்தபோது ஓடிக்கொண்டிருந்த பின் எஞ்சினும் எரிபொருள் வராமல் நின்றது. ஓய்வில் இருந்த முன் எஞ்சினை இயக்கித் தப்பினார்கள். டிசம்பர் 23 காலை 8 மணி 5 நிமிடத்துக்கு அதே எட்வர்ட்ஸில் இறங்கினார்கள். 9 நாள், 3 நிமிடம், 44 செக்கன். 40,212 கிலோமீற்றர். தாங்கிகளில் மிச்சம் இருந்தது 106 இறாத்தல், சுமார் 48 கிலோ எரிபொருள். ஒருவர் நீட்டி நிமிரக்கூட இடமில்லாத அறையில் இரண்டு பேர் ஒன்பது நாள் இருந்திருக்கிறார்கள். ஜீனாவுக்கு அப்போது வயது 34.

இனி அந்தக் கட்டார் விமானத்துக்கு வருவோம். போயிங் 787இன் இறக்கை காபன் நாரால் ஆனது. 2009 ஜூனில், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பலவீனம் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. முதல் பறப்பைத் தள்ளிவைத்துத் திருத்தி, டிசம்பரில்தான் பறந்தார்கள். 2010 மார்ச்சில் ஒரு விமானத்தைத் தரையில் கட்டி வைத்து, சேவையில் எதிர்பார்க்கக்கூடிய ஆகக்கூடிய சுமையின் ஒன்றரை மடங்கைக் கொடுத்து இறக்கையை மேலே இழுத்தார்கள். நுனி ஏறத்தாழ 25 அடி மேலே போனது. இரண்டு மாடி வீட்டின் உயரம். உடையவில்லை. நீங்கள் ஜன்னலால் பார்த்துப் பயந்தது அதில் சின்னப் பங்கு.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுக்கும் பிள்ளைகள் பலர், "இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு" என்று பேசுகிறார்கள். பர்ட் ரூட்டான் பாவித்த சாமான் எல்லாம் நம்ம ஊர்க் கடற்கரையிலும் ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கிற சாமானின் சொந்தக்காரர்தான். துணியை விரித்து, ரெசினைத் தடவி, உருளையால் குமிழை வெளியேற்றுகிற கை நம்ம ஆட்களுக்கும் இருக்கிறது.

ஆகவே பைபர் போட் வேலை செய்யும் நாநாமார் யாராவது இதை வாசித்தால் ஓர் உதவி. அடித்து முடித்த போட்டில் உள்ளே காற்று நின்றிருக்கிறதா, தோல் பிரிந்திருக்கிறதா என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? தட்டிப் பார்க்கிறீர்களா, வெளிச்சம் பிடித்துப் பார்க்கிறீர்களா, வேறு வழி உண்டா? கமெண்டில் எழுதுங்கள். அடுத்த தவணையில் பிள்ளைகளை உங்கள் பட்டறைக்குக் கூட்டி வர விருப்பம். வெட்டிக் கழித்த துண்டு இரண்டு, ஒன்று நல்லதும் ஒன்று பிழைத்ததுமாக, எடுத்து வைத்தால் போதும்.